"சின்ன டிஃபரன்ஸ்தான் சார் வரும்": புது வீட்டின் எக்ஸ்ட்ரா ஒர்க் கணக்கு

போரூரிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில், ஐயப்பந்தாங்கல் தாண்டினால் காட்டுப்பாக்கம். தலைக்கு மேல் மெட்ரோ பாலம். அதற்குக் கீழே, உள்ளே பிரியும் தெருக்களில் மூன்று விதமான புது வீடுகளைப் பார்க்கலாம். நாலு முதல் எட்டு ஃப்ளாட் கொண்ட சின்ன பில்டர் கட்டடம், நூற்றுக்கணக்கில் வீடுகள் உள்ள பெரிய வளாகம், ஒன்றரை கிரவுண்டை ரெண்டா பிரிச்சுக் கட்டுகிற டூப்ளெக்ஸ் தனி வீடு. மூன்றிலும் போர்டில் ஒரு சதுரடி விலை எழுதியிருக்கும். அந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்பது போர்டில் இருக்காது.

வீடு பிடிச்சுப் போய், முன்பணம் கொடுத்து, சுவர் எழும்ப ஆரம்பித்த பிறகு ஒரு நாள் சைட்டுக்குப் போவோம். "ஹால்ல இந்த டைல்ஸ் வேண்டாம், கொஞ்சம் பெருசா போட்டுக்கலாமா?" என்று கேட்போம். சைட் இன்ஜினியர் சிரிச்ச முகமா, "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார், சின்ன டிஃபரன்ஸ்தான் வரும்" என்பார். அந்த டிஃபரன்ஸ் எப்படிக் கணக்கிடப்படுகிறது, எதை பில்டரிடம் கேட்டு வாங்க வேண்டும், எதை அவரிடம் கேட்கவே கூடாது என்பதைப் பற்றிய குறிப்பு இது.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கி வைத்துவிடலாம். கார் பார்க்கிங், மின் இணைப்பு டெபாசிட், தண்ணீர் - கழிவுநீர் இணைப்பு, கார்ப்பஸ் ஃபண்ட், ஒரு வருட மெயின்டனன்ஸ் முன்பணம், ஆவணக் கட்டணம் என்று ஒரு வரிசை வரும். அதெல்லாம் எல்லாருக்கும் பொதுவான கூடுதல் செலவு. முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிவிடலாம், பெரும்பாலும் மாறாது. நான் சொல்வது நாம் விரும்பிக் கேட்கிற மாற்றங்களுக்கான செலவு. சிக்கல் அங்கேதான். ஏன்னா அதுக்கு ரேட் கார்டு கிடையாது, பேரம் பேசும் நேரமும் முடிந்துவிட்டிருக்கும். 

<b>எதிலிருந்து டிஃபரன்ஸ்?</b>

டிஃபரன்ஸ் என்றால் இரண்டு விலைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி. மேல் விலை தெரியும், கடையில் பார்த்துவிட்டோம். கீழ் விலை எது? அது ஸ்பெசிஃபிகேஷன் தாளில் இருக்க வேண்டும். பெரும்பாலான தாள்களில் இருக்காது. "வெர்ட்டிஃபைடு டைல்ஸ், புகழ்பெற்ற பிராண்ட் அல்லது அதற்கு இணையானது" என்று இருக்கும். இந்த "அல்லது அதற்கு இணையானது" என்பதுதான் அந்தத் தாளிலேயே விலை உயர்ந்த சொல். சதுரடி 35 ரூபாய் டைல்ஸும் அதில் அடங்கும், 60 ரூபாய் டைல்ஸும் அடங்கும்.

அதனால் அக்ரிமென்ட் போடுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கேட்கணும். டைல்ஸ் என்றால் என்ன சைஸ், சதுரடி அடிப்படை விலை என்ன. மின்சாரம் என்றால் அறைக்கு எத்தனை பாயிண்ட், ஒயர் என்ன தடிமன். வாசற்கதவு என்றால் நிலை என்ன மரம், கதவு என்ன மரம், என்ன அளவு. ஜன்னல் என்றால் யுபிவிசியா அலுமினியமா, இரண்டு டிராக்கா மூன்று டிராக்கா. குழாய் என்றால் கம்பெனி பெயர் மட்டும் போதாது, மாடல் வரிசையின் பெயரும் வேண்டும். ஒரே கம்பெனியில் ஆயிரம் ரூபாய்க்கும் குழாய் இருக்கு, எட்டாயிரத்துக்கும் இருக்கு.

மாடல் ஃப்ளாட் காட்டுகிற பெரிய வளாகங்களில் இன்னொரு வேலை உண்டு. அந்த மாடல் வீட்டுக்குள் ஒவ்வொன்றாகக் கை நீட்டி, "இது ஸ்டாண்டர்டா, எக்ஸ்ட்ராவா?" என்று கேட்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங், சுவரில் ஒட்டிய பேனல், கிச்சன் கேபினெட், குளியலறைக் கண்ணாடித் தடுப்பு எல்லாமே பொதுவாக எக்ஸ்ட்ராதான். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், அதாவது நாம் ரெரா என்று சொல்வதில், 12-ஆவது பிரிவு இதைப் பற்றியே பேசுகிறது. விளம்பரத்தையோ மாடல் ஃப்ளாட்டையோ நம்பி முன்பணம் கட்டி, அதில் காட்டியது பொய்யாகப் போய் நஷ்டப்பட்டால், பில்டர் ஈடு கொடுக்க வேண்டும். வேண்டாமென்று விலகினால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஆனால் "மாடல் வீட்டில் உள்ள அலங்காரங்கள் விலையில் அடங்காது" என்று புரோஷரில் ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தால் நம் வாதம் பலவீனமாகிவிடும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

காட்டுப்பாக்கம் மாதிரி இடத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 500 சதுர மீட்டருக்கு மேல் போகாத நிலம், அல்லது எட்டுக்கு மேல் போகாத வீடுகள் என்றால் ரெரா பதிவு கட்டாயமில்லை. உள் தெருக்களில் எழும்பும் கட்டடங்களில் கணிசமானவை இந்த வரம்புக்குள்தான் வரும். அப்படிப்பட்ட இடத்தில் ரெரா இணையதளத்தில் போய்ப் பார்க்க எதுவும் இருக்காது. கையில் உள்ள ஒப்பந்தம்தான் எல்லாம். ஸ்பெசிஃபிகேஷன் தாளை அதோடு இணைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

<b>இருபதாயிரம் எழுபத்தி ரெண்டாயிரம் ஆன கதை</b>

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கு ஓடும் விதம்தான் முக்கியம்.

இரண்டு பெட்ரூம் வீடு. குளியலறை, பால்கனி தவிர்த்து டைல்ஸ் போடும் தரை 500 சதுரடி. பில்டர் கொடுப்பது இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ், அடிப்படை விலை சதுரடி 50 ரூபாய். நமக்குப் பிடித்தது நாலுக்கு இரண்டு அடி டைல்ஸ், 90 ரூபாய். நம் மனக்கணக்கு சுலபம்: 40 ரூபாய் வித்தியாசம், 500 சதுரடி, 20,000 ரூபாய். சரி, பண்ணிடலாம்.

பில் இப்படி வரும். தரை 500, ஸ்கர்ட்டிங் 60, ஆக 560 சதுரடி. பெரிய டைல்ஸ் என்பதால் வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம். மொத்தம் 616 சதுரடி. 90 ரூபாய் வீதம் 55,440. இதில் ஸ்டாண்டர்ட் டைல்ஸுக்கான கழிவு: பில்டர் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து லாரிக் கணக்கில் வாங்கியதால் அவருக்கு 38 ரூபாய்க்குத்தான் கிடைத்ததாம்; அதுவும் 500 சதுரடிக்கு மட்டும். 19,000 கழிந்தது. மிச்சம் 36,440. பெரிய டைல்ஸை சிமெண்ட் கலவையில் போட முடியாது, அட்ஹெசிவ் வேண்டும், கூலியும் அதிகம். சதுரடிக்கு 30 ரூபாய் கூடுதல், 560 சதுரடிக்கு 16,800. ஆக 53,240. அதன் மேல் மேற்பார்வைக் கட்டணம் 15 சதவீதம், 7,986. சேர்த்தால் 61,226. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 72,247 ரூபாய்.

இதில் யாரும் திருடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அட்ஹெசிவ் உண்மையிலேயே தேவை. வெர்ட்டிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால் வெறும் சிமெண்ட் பால் அதன் முதுகில் சரியாகப் பிடிக்காது. பெரிய டைல்ஸ் என்றால் அடியில் காற்று தங்கி, பின்னாடி தட்டினால் டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், அலமாரியை இழுத்தால் விரிசல் விடும். ஸ்கர்ட்டிங் உண்மை, சேதாரம் உண்மை. மேற்பார்வைக் கட்டணத்தையும் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். நம் ஒரு வீட்டுக்காக வேறு கடை, வேறு வண்டி, வேறு கணக்கு.

நியாயமில்லாதது கழிவுப் பக்கம். 50 ரூபாய் டைல்ஸ் என்று நமக்கு விற்றுவிட்டு, கழிக்கும்போது 38 என்பது சரியல்ல. எந்த விலைக்கு வாங்கினாரோ அது அவர் திறமை. எந்த விலையைச் சொல்லி விற்றாரோ அதுதான் நம் கழிவு. அளவும் அப்படியே. புது டைல்ஸுக்கு ஸ்கர்ட்டிங்கும் சேதாரமும் உண்டென்றால் பழைய டைல்ஸுக்கும் உண்டு. 560 சதுரடி, அதற்கு ஐந்து சதவீத சேதாரம், 588 சதுரடி, 50 ரூபாய் வீதம் 29,400 கழிந்திருக்க வேண்டும். 19,000 இல்லை. இந்த ஒரு வரியில் மட்டும் 10,400 ரூபாய் போகிறது; அதன் மேல் மேற்பார்வைக் கட்டணமும் வரியும் ஏறுவதால் பதினாலாயிரமாகிறது. 

அதனால் எக்ஸ்ட்ரா ஒர்க் பில் கையில் வந்தால் கண் முதலில் கூட்டலுக்குப் போக வேண்டாம், கழித்தலுக்குப் போகட்டும். சில ஒப்பந்தங்களில் "வாங்குபவர் வேண்டாமென்று சொல்லும் பொருளுக்குத் தொகை திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற வரி இருக்கும். அப்படி இருந்தால் கழிவே கிடையாது. நாம் சொந்தமாக வாஷ் பேசின் வாங்கிக் கொடுத்தாலும், அவர் கொடுக்க வேண்டிய பேசினுக்குப் பணம் வராது. அந்தப் பழைய பேசினையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கிராமத்து வீட்டுக்கு ஆகும்.

<b>சுவருக்குள் போவது, சுவர் மேல் வருவது</b>

எல்லா அப்கிரேடும் ஒன்றல்ல. ஒரு வருடம் கழித்தும் அதே செலவில் செய்யக்கூடியது எது, இப்போது விட்டால் உடைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது எது? இந்தக் கேள்வி ஒன்றை வைத்தே பட்டியலைப் பாதியாக்கிவிடலாம். பணம் குறைவாக இருக்கும் குடும்பத்துக்கு இது ரொம்ப முக்கியம். வங்கிக் கடன், பதிவுச் செலவு, இப்போதைய வாடகை மூன்றும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும் மாதங்கள் அவை.

கூரை கான்கிரீட் போடும்போதே மின்விசிறி ஹூக் பெட்டியும் அதற்குப் போகும் பைப்பும் உள்ளே போய்விடும். நீளமான ஹாலில் ஒரு ஃபேன் போதாது, இரண்டு வேண்டும் என்றால் அதை கான்கிரீட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டும். சுவர் கட்டி, பூச்சுக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் காடி வெட்டி பைப் பதிப்பார். அந்த ஒரு வாரம்தான் பாயிண்ட் கேட்பதற்கான காலம். சாதாரண பிளக்குக்குப் போகும் ஒயர் ஏசிக்குப் போதாது. ஏசிக்கு வழக்கமாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக டிபி பெட்டியிலிருந்து வர வேண்டும். இப்போது ஒரு அறைக்குத்தான் ஏசி என்றாலும், எல்லா பெட்ரூமுக்கும் ஒயரையும், ஏசியின் செம்புக் குழாயும் தண்ணீர்க் குழாயும் வெளியேறும் ஓட்டையையும் இப்போதே போட்டுவிடுவது நல்லது. இன்வெர்ட்டருக்கான தனி ஒயரிங்கும் இப்படித்தான். நம்மூரில் கோடையில் கரண்ட் போகும் என்பது பில்டருக்கும் தெரியும். ஆனாலும் ஸ்பெசிஃபிகேஷனில் பல நேரம் இருக்காது. புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: கீழே மீட்டர் பெட்டியிலிருந்து நம் கார் நிற்கும் இடம் வரை ஒரு காலி பைப். மின்சார வண்டி வாங்குவோமோ மாட்டோமோ, அந்த பைப்புக்கு இன்று ஆகும் செலவு சில ஆயிரம்தான். எல்லாரும் குடிவந்த பிறகு அசோசியேஷனில் கேட்டு, தரையைக் கொத்தி, சண்டை போட்டு வாங்குவது வேறு கதை.

குளியலறையில் தப்பு செய்தால்தான் ரொம்ப வலிக்கும். ஷவருக்கு டைவர்ட்டர் வேண்டுமா, சாதாரண வால் மிக்ஸர் போதுமா என்பதை டைல்ஸுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். டைவர்ட்டரின் உடம்பு சுவருக்குள் இருக்கும், வெளியே தெரிவது கைப்பிடி மட்டும். சுவரில் தொங்கும் வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டுமென்றால் அதன் தண்ணீர்த் தொட்டி சுவருக்குள் போக வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் அது முடியுமா என்பதை பிளம்பரிடம் இல்லை, இன்ஜினியரிடம் கேளுங்கள். அப்புறம் நீர்க்கசிவுத் தடுப்பு. இதை யாரும் அப்கிரேடாகப் பார்ப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாதே. என்னைக் கேட்டால் இத்தாலியன் மார்பிளுக்கு முன்னால் காசு போக வேண்டிய இடம் இதுதான். குளியலறைத் தளத்தில் தண்ணீர் கட்டி வைத்து, இரண்டு நாள் கழித்துக் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதுக்கு டிஃபரன்ஸ் பில்லே கிடையாது.

தனி வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி தனியாக. பேஸ்மட்டம். செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கிழக்கே இருக்கிற இந்தப் பகுதியில் 2015 டிசம்பருக்குப் பிறகு வீடு பார்த்தவர்கள் எல்லாருமே தெரு மட்டத்திலிருந்து படி எத்தனை என்று எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயரும், வீடு உயராது. பேஸ்மட்டத்தை ஒரு அடி கூட்டுவது அஸ்திவார நேரத்தில் செங்கல், மண் நிரப்புதல், கூலி என்று முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த விலை கொடுத்தாலும் சுலபமில்லை. வாசக்காலும் அப்படித்தான். நிலை வைக்கும் பூஜை முடிந்து மஞ்சள் குங்குமம் வைத்த பிறகு, "அகலம் பத்தலையே, பீரோ உள்ளே வராதே" என்று சொன்னால் மேஸ்திரி மட்டுமில்லை, வீட்டுப் பெரியவர்களும் ஒத்துக்க மாட்டாங்க.

மறுபக்கம், சுவர் மேல் வருவது. பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங், விளக்குகள், வார்ட்ரோப், கிச்சன் கேபினெட், கண்ணாடித் தடுப்பு, குழாயின் வெளிப்பகுதி. இவற்றை பில்டரிடம் வாங்க எந்த அவசரமும் இல்லை. குடிவந்து மூணு மாசம் இருந்து பார்த்தால், எங்கே வெயில் அடிக்குது, எங்கே துணி மடிக்கிறோம், எங்கே பிள்ளைகள் படிக்குதுகள் என்று தெரியும். அப்புறம் வெளியில் மூன்று பேரிடம் விலை கேட்டுச் செய்யலாம். கிச்சனில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து பில்டர்கள் கிரானைட் மேடை, அதற்கு மேல் இரண்டு அடிக்கு டைல்ஸ், சில இடங்களில் கடப்பா கல் தட்டு என்று முடித்துக் கொடுப்பார்கள். பின்னால் மாடுலர் கிச்சன் போடுவதாக இருந்தால், கடப்பா தட்டு வேண்டாம், மேடையின் உயரமும் அகலமும் இவ்வளவு என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் புது மேடையை உடைப்பதில்தான் வேலை தொடங்கும்.

கொசுவலை எந்தப் பக்கம் சேரும்? ஜன்னல் சுவருக்குள் இருக்கிறது, வலை மேலே வருகிறது. மூன்று டிராக் ஜன்னல் என்றால் வலைக்கென்று ஒரு டிராக் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் போடலாம். இரண்டு டிராக் என்றால் வெல்க்ரோ ஒட்டிக் காலம் தள்ள வேண்டும். காட்டுப்பாக்கத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்றாவது டிராக்குக்குப் பணம் கொடுங்கள்.

<b>அக்ரிமென்டுக்கு உள்ளேயா, வெளியேயா</b>

பட்டியல் முடிவானதும் அடுத்த கேள்வி, அந்தத் தொகை எந்தக் காகிதத்தில் ஏற வேண்டும் என்பது. "அக்ரிமென்ட்ல சேர்த்தா ரெஜிஸ்ட்ரேஷன் செலவு ஏறும் சார், தனியா கொடுத்துடுங்க" என்பார்கள். பாதி உண்மை.

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு நிலப்பங்கும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் கட்டணம். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7, அதற்கும் மேலே 9. நடுவில் இருக்கிற 60 லட்ச ரூபாய் ஃப்ளாட்டில் 3 லட்சத்துக்கு எக்ஸ்ட்ரா சேர்த்தால் கூடுவது 21,000. கட்டி முடியாத வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 15,000. மொத்தம் 36,000. அதே 3 லட்சத்தைத் தனி வேலையாக பில் போட்டால் பல பில்டர்கள் 18 சதவீதம் போடுகிறார்கள், அது 54,000. உள்ளே சேர்ப்பதே மலிவு.

விளிம்பில் நிற்கும் வீடுகளுக்குத்தான் கணக்கு தலைகீழாகும். 49 லட்ச ரூபாய் ஃப்ளாட் 6 சதவீதத்தில் 2,94,000. இரண்டு லட்சம் சேர்ந்து 51 ஆனால் 7 சதவீதத்தில் 3,57,000. இரண்டு லட்ச வேலைக்கு 63,000 பதிவுச் செலவு. 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டும் கடமையும் வருகிறது. அது கூடுதல் செலவல்ல, ஆனால் மறந்தால் அபராதம்.

இதைவிடக் கூர்மையான விளிம்பு 45 லட்சம். 2019 ஏப்ரல் முதல், சென்னை போன்ற பெருநகரங்களில் கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 645 சதுரடிக்குள், விலை 45 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி ஒரு சதவீதம்தான். ஆனால் அந்த 45 லட்சத்தில் பார்க்கிங், டெவலப்மென்ட் சார்ஜ் உட்பட பில்டர் வாங்கும் மற்றத் தொகைகளும் அடங்கும் என்று அறிவிப்பே சொல்கிறது. நாற்பத்தி நாலரை லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் 44,500 ரூபாய். ஒரு லட்சத்துக்கு டைல்ஸும் கதவும் மாற்றி நாற்பத்தி அஞ்சரை ஆனால் ஐந்து சதவீதம், 2,27,500. ஒரு லட்ச ரூபாய் ஆசைக்கு வரி மட்டும் 1,83,000 கூடுகிறது. இந்த வரம்புக்கு அருகில் உள்ளவர்கள் பில்டரிடம் எதையும் மாற்றாமல் சாவி வாங்கிவிட்டு, வெளியாளை வைத்துச் செய்துகொள்வதே மேல்.

வங்கிப் பக்கமும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75. மதிப்பு என்பது வங்கி ஏற்கும் மதிப்பு. ஒப்பந்தத்தில் இல்லாத எக்ஸ்ட்ரா அதில் வராது. தனியாகக் கொடுத்தால் முழுவதும் நம் கைக்காசு, அல்லது வீட்டுக் கடனைவிட வட்டி அதிகமான பர்சனல் லோன். உள்ளே சேர்த்தால் கடனில் வரும், ஆனால் அதற்கும் விலை உண்டு. ஒரு லட்ச ரூபாய்க்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதம் 868 ரூபாய். கட்டி முடிக்கும்போது 2 லட்சத்து 8 ஆயிரம். பத்து வருடத்தில் மாற்றிவிடப் போகிற கிச்சன் கேபினெட்டுக்கு இருபது வருடம் தவணை கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அறுபது வருடம் சுவருக்குள் இருக்கப் போகிற ஒயருக்குக் கட்டலாம்.

சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரியம் புது ஃப்ளாட் விற்கும்போது இதைத் தெளிவாக வைத்திருக்கிறது. தரை டைல்ஸ், உள் கதவுகள், குளியலறைச் சாமான்கள் எல்லாம் விருப்பத் தேர்வுகள். வேண்டுமென்றால் தேர்ந்தெடுக்கலாம், விலை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும், ஃப்ளாட் விலையோடு சேர்ந்து வீட்டுக் கடனுக்குள் வந்துவிடும். வேண்டாமென்றால் வெறும் சிமெண்ட் தரையோடு வாங்கிக்கொள்ளலாம். அங்கே இருக்கிற நம்மூர்க்காரர்கள் பலர் வெறும் தரையை எடுத்துக்கொண்டு வெளி ஒப்பந்ததாரரை வைத்துக்கொள்வதும் உண்டு. விலை முதல் நாளே மேசையில் இருப்பதால் இரண்டையும் ஒப்பிட முடிகிறது. நம் ஊரில் அந்த விலைப்பட்டியலை நாமே கேட்டு உருவாக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கேட்க நல்ல நேரம் அக்ரிமென்டுக்கு முன்னால். ரெராவின் 13-ஆவது பிரிவுப்படி ஒப்பந்தம் பதிவாகும் முன் வீட்டு விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் நாம் விலகிப் போகக்கூடிய ஆள் என்பது அவருக்கும் தெரியும்.

அப்புறம் ரொக்கம். "கேஷா கொடுத்தா ஜிஎஸ்டி இல்லாம முடிச்சுடலாம்" என்று கேட்காத சைட் குறைவு. சொத்து விற்பனை தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. அது அவர் கவலை. நம் கவலை வேறு. ரெராவின் 14-ஆவது பிரிவு, சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நாம் சொன்னால், முப்பது நாளில் இலவசமாகச் சரி செய்ய வேண்டும் என்கிறது. காகிதத்தில் உள்ள வேலைக்குத்தான் அதைக் கேட்க முடியும். ரொக்கம் கொடுத்து மேஸ்திரி போட்ட குளியலறை டைல்ஸில் மூணாவது மழைக்குக் கசிவு வந்தால், "அது நீங்க மாத்தினது சார், எங்க வேலை இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். அவர் போட்ட நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சையும் நாம் கெடுத்துவிட்டதாகச் சொல்வார். பின்னால் வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் செலவைக் காட்டவும் பில் வேண்டும்.

எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாள்: என்ன வேலை, எந்த அளவு, புதுப் பொருளின் விலை, பழையதற்குக் கழித்த விலை, கூலி, வரி, இதனால் வேலை எத்தனை நாள் தள்ளும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். சாவி தாமதமானால் "நீங்க எக்ஸ்ட்ரா ஒர்க் கேட்டதால்தான்" என்பதே முதல் காரணமாக வரும், அதற்குள் இரண்டு மாத வாடகை போயிருக்கும். வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" என்று வந்ததை நம்ப வேண்டாம். அதையே ஒரு மெயிலாக அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் சைட்டுக்குப் போய், ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். பைப் போகும் இடத்தில் இன்ச் டேப்பை நீட்டிப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று படத்தில் தெரிகிற மாதிரி. எக்ஸ்ட்ரா பாயிண்ட் எல்லாம் வந்துவிட்டதா என்று பில்லோடு ஒப்பிட்டு எண்ணுவதற்கும் அன்றைக்குத்தான் வசதி. பின்னாடி டிவி மாட்ட டிரில் போடுகிற தம்பி, "அண்ணே, உள்ளே லைன் போகுதா?" என்று கேட்கும்போது அந்தப் படத்தைக் காட்டலாம்.